சோதனைப் பரப்பு: ஓர் அளவுகோலின் வரலாறு

ஒரு கருவியின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அது எக்குறையைத் தீர்க்கப் பிறந்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கணனிச் செய்நிரல்களைச் சோதிப்போருக்கு நெடுநாளாய் இருந்த குறை யாதெனின், சோதனை முடிந்த பின்னரும் செய்நிரலின் எப்பகுதி இயங்கிற்று, எப்பகுதி தீண்டப்படாது கிடந்தது என்பதை அறிய வழியின்மையே. அதனை அறிவிக்கும் அளவை ‘கோட் கவரேஜ்’ என வழங்குவர். இக்கட்டுரையில் அதனைச் சோதனைப் பரப்பு என்போம்.

இத்துறையில் முன்னோடிகள் மில்லர், மலோனி என்னும் இருவராவர். செய்நிரலின் கட்டமைப்பினை ஆராய்ந்து, அதன் கிளைகள் இயங்குமாறு சோதனைகளை அமைக்கும் முறையினை அவர்கள் 1963இல் வெளியிட்டனர். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், 1971இல் வெளியான தமது கட்டுரையில், போட்ரான் செய்நிரல்களின் கூற்றுக்கள் எத்தனை முறை இயங்கின எனக் கணக்கிட்டார். செய்நிரலின் நூற்றுக்கு 4 பங்கிற்கும் குறைந்த பகுதியே இயங்குநேரத்தின் பாதிக்கு மேற்பட்டதைக் கொள்கின்றது எனக் கண்டார். அவர் நாடியது விரைவே. ஆயினும், எண்ணும் அம்முறையே பூச்சியம் விழுந்த வரிகளையும் காட்டவல்லதாயிற்று.

கிளென்போர்ட் மயர்ஸ் 1979இல் வெளியிட்ட நூல் இவ்வளவையைப் படிகளாக வகுத்து விளக்கிற்று. ஒவ்வொரு கூற்றும் இயங்கிற்றா என்பது முதற்படி. ஒவ்வொரு தீர்மானமும் மெய், பொய் என்னும் இருவழியிலும் சோதிக்கப்பட்டதா என்பது அடுத்த படி. மெய்வழியை மாத்திரம் சோதித்தும் முதற்படியை நிறைவுசெய்தல் கூடுமாதலின், இவ்வேறுபாடு சிறிதன்று.

பின்னர் இவ்வளவை சோதனைத் தொகுதிகளுடன் இணைந்தது. ஜி.சி.சி. தொகுப்பியுடன் வழங்கும் ஜிகொவ் இதற்குத் தக்க சான்று. தொகுக்கும்போதே செய்நிரலினுள் எண்ணிகள் செருகப்படும். செய்நிரல் முடிவெய்தும்போது அவற்றின் கணக்குக் கோப்பில் எழுதப்படும். லினக்ஸ் முறைமையின் உட்கருவோ, கணனி அணையும்வரை முடிவெய்தாதது. ஆகவே அங்கு இம்முறை அவ்வாறே செல்லவில்லை. இயங்கிக்கொண்டிருக்கையிலேயே எண்ணிகளைக் கோப்புக்களாகப் படிக்கும் வசதி முதலிற் புறத்தே ஒட்டும் இணைப்பாக வழங்கி, 2009இல் வெளிவந்த 2.6.31ஆம் பதிப்பில் உட்கருவுடன் சேர்ந்தது. 2016இல் 4.6ஆம் பதிப்பிற் சேர்ந்த கேகொவ் வேறொரு பணிக்கு உதவிற்று. பொறியே உள்ளீடுகளை ஆக்கி, முன் தீண்டாத இடத்தை எட்டியவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளும் சோதனைக்கு அது துணையாயிற்று.

வானூர்தித் துறையில் இவ்வளவை விதியாகவே அமைந்தது. 1992இல் வெளியான டி.ஓ.178பி என்னும் நெறிநூல், பேரழிவுக்கு ஏதுவாகக்கூடிய மென்பொருளுக்கு, ஒவ்வொரு நிபந்தனையும் தனித்து முடிவினை மாற்றவல்லது எனக் காட்டும் கடினமான படியை விதித்தது. எனினும், சோதனைகள் தேவைக் கூற்றுக்களிலிருந்தே பிறத்தல் வேண்டும், அவை எட்டாத பகுதியை அறியவே பரப்பு அளக்கப்படும் என்பதும் அந்நூலின் நெறியாம்.

இவ்வெச்சரிக்கையின் தேவையை ஒரு விபத்து உணர்த்துகின்றது. 1996 யூன் 4ஆந் திகதி ஏரியான் 5 றொக்கற் புறப்பட்டு ஒரு நிமிடத்துள் சிதறிற்று. ஏரியான் 4இலிருந்து எடுத்தாளப்பட்ட செய்நிரற் பகுதியொன்று, 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் அடக்க முயன்று தவறியமையே காரணம். அப்பகுதி முன்னர்ப் பன்முறை பழுதின்றி இயங்கியதே. ஏரியான் 5இன் பறப்புப் பாதைக்குரிய எண்களைக் கொண்டு அது சோதிக்கப்படவில்லை. இயங்கிய வரி என்பதால் அது எல்லா எண்ணுக்கும் சரியான வரி ஆகாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வும், சோதனைகளின் தொகையைச் சமப்படுத்தி நோக்குமிடத்து, பரப்பின் உயர்வுக்கும் பிழை காணும் வன்மைக்கும் உள்ள தொடர்பு வலியதன்று எனக் கூறிற்று.

பாடத்திட்டம் முழுவதும் நடத்தப்பட்டது என்னும் பதிவேட்டுக் குறிப்பு, மாணவர் அதனைக் கற்றனர் என்பதற்குச் சான்றாகாமை ஆசிரியர் யாவரும் அறிந்ததே. நடத்தப்படாத பாடம் யாது என்பதையே அப்பதிவேடு ஐயமின்றி உரைக்கும். சோதனைப் பரப்பின் இயல்பும் அதுவே. ஆதலின், இவ்வளவையைச் சோதனைத் தொகுதியுடன் இணைப்போர் நூற்றுவீதத்தை முன்னிறுத்துவதினும், தீண்டப்படாத வரிகளை நிரல்படக் காட்டுதலே அது பிறந்த நோக்கத்துக்கு ஏற்புடையதாகும்.