கத்தியும் கருணையும்

காயடிப்பது நம் நாட்டு உழவனுக்குப் புதிய வித்தை அல்ல. ஏர் இழுக்கும் காளையின் முரட்டுத்தனத்தை அடக்க அவன் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவந்தான். ஆனால் நாயும் பூனையும் ஏர் இழுப்பதில்லையே! அவை ஈன்ற குட்டிகளைச் சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருவதுதான் வீடுகளில் கண்ட வழி. வீட்டுக்குச் சாக்கு என்றால், நகரத்துக்கு நாய் வண்டி.

சென்னை நகரசபை தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860-ல். வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் ஊசி கண்டுபிடித்தது அதற்கு 25 வருஷங்கள் கழித்துத்தான். ஆகவே அன்றைய அதிகாரிகள்மீது முழுப் பழியையும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒன்றுகூடத் தேறாத கொலைக் கணக்கு, பிற்காலத்தில் நாளுக்கு 135 வரை ஏறிவிட்டது. நூறு வருஷத்துக்குமேல் கொன்றும் நாய் குறையவில்லை! எச்சில் இலையும் குப்பைத் தொட்டியும் இருக்கும்வரை, காலியான தெருவுக்கு அடுத்த தெரு நாய் வந்துவிடும். மிஞ்சிய பெட்டையின் குட்டிகளும் போட்டியில்லாமல் பிழைத்துக்கொள்ளும்.

விமானியான காப்டன் வி. சுந்தரம் 1959-ல் சென்னையில் நிறுவிய புளூ கிராஸ் சங்கம், 1964 வாக்கில் வேறு வழி சொல்லிற்று. பிடியுங்கள், கருத்தடை செய்யுங்கள், வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்றது. அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா இந்தத் திட்டத்துக்கு ‘ஏ.பி.சி.’ என்று பெயரிட்டார். அரிச்சுவடியைப்போல எளிது என்பது குறிப்பு. அந்த அரிச்சுவடியைப் படித்து முடிக்க நகரசபைக்கு 30 வருஷத்துக்குமேல் ஆயிற்று. 1996-ல்தான் கொலையைக் கைவிட்டது.

ஜெயப்பூரில் 1994 முதல் 2002 வரை சுமார் 25,000 நாய்களுக்கு இவ்விதம் செய்தார்கள். நாய்த்தொகை நூற்றுக்கு 28 குறைந்தது. திட்டம் நடந்த பகுதியில் மனிதருக்கு வெறிநோய் வருவதே நின்றுபோயிற்று.

ஆண் நாய்க்கு விரைகளை எடுத்துவிட்டால் போதும், சிறிய வேலை. பெட்டைக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, சினைப்பைகளையும் கருப்பையையும் அகற்ற வேண்டும். கைதேர்ந்த டாக்டரும், சுத்தமான அறையும், புண் ஆறும்வரை பராமரிப்பும் தேவை. கத்தியில்லாமல் முடியாதா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

விரையில் போடும் துத்தநாக ஊசி ஒன்றை 2003-ல் அமெரிக்க அரசாங்கம் ஆண் நாய்க்குட்டிகளுக்கு அனுமதித்தது. ஆனால் குட்டி ஈனுவது பெட்டை அல்லவா? அதற்குரிய ஹார்மோன் மாத்திரைகளை நீடித்துக் கொடுத்தால் கருப்பை நோயும் மார்பில் கட்டியும் வரக்கூடும். தோலுக்கடியில் வைக்கும் மருந்துக் குச்சியின் பலன் சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு வருஷங்கள். தெருநாயைத் தவணை தவறாமல் தேடிப் பிடிப்பவர் யார்?

ஆண், பெண் இரண்டுக்கும் ஒரே தடவையில் பலிக்கும் மருந்துக்கு, 2008-ல் அமெரிக்க டாக்டர் கேரி மைக்கெல்சன் 2.5 கோடி டாலர் பரிசு அறிவித்தார். 2023-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நம்பிக்கை தருகிறது. கருமுட்டை வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோனை உடலே சுரந்துகொண்டிருக்கும்படி, ஒரு மரபணுவை ஊசி வழியாக 6 பெண் பூனைகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றில் ஒன்றும் சினையாகவில்லை. ஊசி போடாத 3 பூனைகளும் குட்டி ஈன்றன. ஆனால் ஒன்பது பூனைகளை வைத்து ஒரு நகரத்தின் கணக்கைத் தீர்த்துவிட முடியாது.

பிறக்கவிருக்கும் உயிரைத் தடுக்க நமக்கு என்ன உரிமை என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லைக்கு நடந்தபோது நாம் அதைக் கேட்டுக்கொண்டோமா? கண் திறக்காத குட்டியைப் பசிக்கும் வெயிலுக்கும் விட்டுவிட்டு வருவதைவிட, ஒரு தாயின் வயிற்றில் ஒரே ஒரு தையல் எவ்வளவோ மேல். அந்த ஊசி கடைக்கு வரும்வரை, டாக்டரின் கத்தியையே நான் கருணை என்று சொல்லுவேன்.