மெம்பிஸ்: இரண்டு நுழைவுச்சீட்டுகள், ஒரே வரலாறு

சற்றே நீண்ட பதிவு. நகர வரலாறு, இசை வரலாறு, நினைவிட ஆய்வு ஆகியவற்றில் ஈடுபாடுள்ள மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன்.

அமெரிக்கத் தென்மாநிலங்களுள் ஒன்றான டென்னசியில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் அமைந்த நகரம் மெம்பிஸ். சிக்கசா பழங்குடியினரிடமிருந்து 1818இல் பெறப்பட்ட நிலத்தில், 1819இல் இந்நகர் நிறுவப்பட்டது. நைல் ஆற்றங்கரையில் இருந்த பண்டைய எகிப்தியத் தலைநகரின் பெயரை இதற்கும் சூட்டினர். இன்று இங்கு வரும் பயணிகள் ஐந்து இடங்களைத் தவறாமல் காண்கின்றனர்: பீல் தெரு, சன் ஒலிப்பதிவுக் கூடம், ஸ்டாக்ஸ் இசை அருங்காட்சியகம், எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகை, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட லொரைன் விடுதி. இவற்றுள் முதல் நான்கும் இசைத் தலங்கள் என்றும், இறுதியானது குடியுரிமைப் போராட்டத் தலம் என்றும் பிரித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இப்பிரிவினை பயணத் திட்டத்திற்கு வசதியானது, வரலாற்றுக்கு ஒவ்வாதது.

பீல் தெருவிலிருந்து தொடங்குவோம். பருத்தி வணிகத்தால் வளர்ந்த மெம்பிஸில், உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டே, 1866 மே மாதத்தில், வெள்ளையர் கும்பல் 46 கறுப்பினத்தவரைக் கொன்றது. 1878இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், வசதியுள்ளோர் வெளியேறினர், மறு ஆண்டு நகராட்சி உரிமமே பறிபோனது. நிலமதிப்பு வீழ்ந்த அக்காலத்தில், அடிமையாகப் பிறந்த ராபர்ட் சர்ச் என்பவர் மனைகளை வாங்கிப் பெருஞ்செல்வரானார். 1899இல் பீல் தெருவில் அவர் அமைத்த பூங்காவும் அரங்கமும், பொது இடங்களில் நுழைவு மறுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு உரிய பொதுவெளியாயின. படுகொலைகளை எதிர்த்து எழுதிய ஐடா பி. வெல்ஸின் இதழ் அச்சகம் 1892இல் தாக்கி அழிக்கப்பட்டதும் இந்நகரில்தான். டபிள்யூ. சி. ஹேண்டி 1912இல் 'மெம்பிஸ் புளூஸ்' இசைக்குறிப்பை வெளியிட்டபோது, அவ்விசைக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருந்தது. உரிமை மறுக்கப்பட்டோர் தமக்கென ஒரு தெருவை உருவாக்கினர்; அத்தெருவில் அவ்விசை தழைத்தது.

யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் சாம் பிலிப்ஸ் 1950இல் திறந்த ஒலிப்பதிவுக் கூடமே பின்னர் 'சன்' எனப் பெயர்பெற்றது. தொடக்க ஆண்டுகளில் அங்குப் பதிவானவை ஹவ்லின் வுல்ஃப், பி. பி. கிங் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் குரல்கள். 1954 ஜூலையில் எல்விஸ் அங்குப் பதிவுசெய்து புகழ்பெற்ற முதற்பாடலும் ஆர்தர் குருடப் என்னும் கறுப்பினப் பாடகருடையது. ஒரே பாடல் எவர் குரலில் எந்தச் சந்தைக்குச் செல்லும் என்பதை நிறம் தீர்மானித்த காலம் அது.

லொரைன் விடுதியை இசைத் தலமாகவும் கருதவேண்டியதன் காரணம் இங்கே தெளிவாகும். இன ஒதுக்கல் நிலவிய மெம்பிஸில் கறுப்பினக் கலைஞர்கள் மதிப்போடு தங்கத்தக்க இடங்கள் மிகச் சில. வால்டர் பெய்லி நடத்திய லொரைன் அவற்றுள் ஒன்று. மக்லெமோர் அவென்யூவில், பழைய திரையரங்கு ஒன்றில் இயங்கிய ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே அறையில் அமர்ந்து வாசித்தனர். அக்கூடத்திற்கு வெளியே அவர்கள் ஒன்றாக அமர இடந்தந்தது லொரைன். வில்சன் பிக்கெட்டும் வெள்ளையரான ஸ்டீவ் குராப்பரும் 1965இல் 'இன் த மிட்நைட் அவர்' பாடலை இயற்றியது அவ்விடுதி அறையில்தான்.

1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இரு துப்புரவுத் தொழிலாளர் குப்பை வண்டியின் அழுத்தும் பொறியில் நசுங்கி இறந்தனர். பிப்ரவரி 12 அன்று ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்கள் ஏந்திய 'ஐ ஆம் எ மேன்' என்னும் பதாகை மொழியியல் மாணவர் ஊன்றி நோக்கவேண்டியது. 'நான் ஒரு மனிதன்' என்ற மொழிபெயர்ப்பு பாதிப் பொருளையே தருகிறது. தமிழில் 'மனிதன்' என்பதன் எதிர்நிலை விலங்கு. அப்பதாகை மறுத்ததோ, வளர்ந்த ஆடவரையும் 'பாய்', அதாவது 'பையா', என்று விளித்த தென்மாநில வழக்கத்தை. வயதில் மூத்த உழைப்பாளியை ஆதிக்க சாதிச் சிறுவன் ஒருமையில் விளிப்பதை அறிந்த சமூகத்திற்கு இதை மிகுதியாக விளக்கவேண்டியதில்லை.

மார்ச் 28 அன்று கிளேபோர்ன் ஆலயத்திலிருந்து கிங் தலைமையில் புறப்பட்ட பேரணி பீல் தெருவில் கலவரமாகிக் கலைந்தது. 16 வயதுச் சிறுவன் ஒருவன் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டான். அமைதிப் பேரணி ஒன்றை நடத்திக் காட்டுவதற்காகவே கிங் மெம்பிஸுக்குத் திரும்பினார்; ஏப்ரல் 4 அன்று லொரைனின் 306ஆம் அறை முன்றிலில் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று தொழிற்சங்கம் ஏற்பு பெற்றது.

அதன்பின் நிகழ்ந்தவை இடிப்புகள். 1966இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பீல் தெருவையும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளையும் நகரப் புத்தாக்கத் திட்டம் பெரும்பாலும் தரைமட்டமாக்கியது. எஞ்சிய சில கட்டடங்களையும் முகப்புகளையும் கொண்டு 1983இல் அது கேளிக்கைத் தெருவாகத் திறக்கப்பட்டது. ஸ்டாக்ஸ் 1975இல் நொடித்தது. கட்டடம் 1989இல் இடிக்கப்பட்டது. 2003இல் அதே மனையில் எழுந்த அருங்காட்சியகத்தில், பழைய திரையரங்கின் சரிவான தளம்கூட மீண்டும் கட்டி அமைக்கப்பட்டுள்ளது. பயணி தொட்டுப் பார்க்கும் பழமையில் ஒரு பகுதி அவ்வகையில் புதியதே.

1982ஆம் ஆண்டை மட்டும் தனியே நோக்குக. அவ்வாண்டு ஜூனில் கிரேஸ்லேண்ட் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. டிசம்பரில் கடனில் மூழ்கிய லொரைன் ஏலத்திற்கு வந்தது. அதனைக் காக்க முனைந்த குழுவினர் 1,44,000 டாலருக்கு வாங்கினர். 1988இல் விடுதி மூடப்பட்டு, 1991இல் தேசியக் குடியுரிமை அருங்காட்சியகமாயிற்று. அப்போது வெளியேற்றப்பட்ட கடைசிக் குடியிருப்பாளரான பெண்மணி, எதிர்ப்புறத் தெருவோரத்தில் பல்லாண்டுகள் அமர்ந்து, இப்பணம் ஏழைகளின் வீட்டு வசதிக்குச் செலவிடப்பட்டிருக்க வேண்டும் என்று வாதிட்டார். அருங்காட்சியகம் அளிக்கும் வரலாற்றுக் கல்வியின் பயனை மறுக்க இயலாது. ஆயினும் அவர் எழுப்பிய வினா, துப்புரவுத் தொழிலாளருக்காக வந்து உயிர்நீத்தவரின் நினைவிடத்தில் எழுப்பத்தக்க வினாவே. ஸ்டாக்ஸ் மனையில் அருங்காட்சியகத்திற்கு அருகிலேயே அப்பகுதிப் பிள்ளைகளுக்கான இசைப்பள்ளி இயங்குவதை, அவ்வினாவுக்குக் கிடைத்த ஒரு பகுதி விடை எனலாம். பேரணி புறப்பட்ட கிளேபோர்ன் ஆலயமோ, சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே 2025 ஏப்ரலில் தீக்கிரையானது.

நினைவிடங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் மூன்று வினாக்களோடு தொடங்கலாம். இங்கு முன்பு இருந்தது எது? அதனை இடித்தவர் யார்? மீண்டும் கட்டியபோது வெளியேற்றப்பட்டவர் யார்? மெம்பிஸில் இவ்வினாக்களை எழுப்புவோர் பீல் தெருவிலிருந்து லொரைனுக்குச் செல்லும் குறுகிய தொலைவில், இசைக்கும் உரிமைக்கும் இடையே எல்லைக்கோடு எதனையும் காணமாட்டார்கள். நும் ஊர் நினைவிடங்களுக்கு இவ்வினாக்கள் பொருந்துமா என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுக.