விறகுத் தீவிலிருந்து சென்ற கண்

கும்மிடிப்பூண்டிக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட்டுக்குப் பெயர்பெறுவதற்கு முன் விறகுக்குப் பெயர்பெற்றிருந்தது. அத்தீவின் காட்டில் வெட்டிய கட்டைகள் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறிச் சென்னை அடுப்புகளுக்கு வந்துகொண்டிருந்தன. 1969இல் ஏவுதளத்துக்கென இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. தீவின் பழங்குடிகளான யானாதியர் இடம்பெயர்ந்த கதை மட்டும் ராக்கெட் வரலாறுகளில் ஒரு வரிக்கு மேல் நீள்வதில்லை.

2015 செப்டம்பர் 28 காலை பத்து மணிக்கு இங்கிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட், இந்தியாவின் முதல் விண்வெளி வானாய்வகமான அஸ்ட்ரோசாட்டை 650 கிலோமீட்டர் உயரத்தில் சேர்த்தது. அதிலிருந்த புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்குவதில் தலைமையேற்ற பெங்களூர் இந்திய வான் இயற்பியல் மையம், தன் வம்சாவளியை 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகம்வரை எண்ணிச் செல்லும் நிறுவனமாகும். இளம் விண்மீன்கள் புறஊதாவில் பளிச்சிடுவதால், வாயு எங்கே விண்மீனாகிறது என்பதை அத்தொலைநோக்கி காட்டிவிடுகிறது.

வாயுவே விண்மீன் பிறப்புக்கு விறகு. இரு விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கலக்கையில், சுற்றிக்கொண்டிருந்த வாயு சுழல்வேகம் இழந்து மையத்தை நோக்கிச் சரிகிறது. அங்குள்ள பெருங்கருந்துளையைச் சுற்றி வட்டாகப் படிந்து, உராய்வால் கொதித்து, கடும் ஒளியையும் காற்றையும் வெளியே வீசுகிறது. தன்னிடம் வந்த வாயுவின் வழியாகவே கருந்துளை சுற்றுப்புறத்தைத் திருப்பித் தாக்கும் இச்செயலைப் பின்னூட்டம் என்பர். விறகடுப்பின் ஊதுகுழலை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அளவாக வீசும் காற்று வாயுவை நெருக்கிப் புது விண்மீன்களை மூட்டவும் கூடும், மூர்க்கமாக வீசினால் வாயுவைச் சூடாக்கிச் சிதறடித்துப் பிறப்பையே அணைத்துவிடும்.

என்.ஜி.சி. 7733, 7734 என்னும் இணையும் திரள்களைப் பெங்களூர் மையத்தார் அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியின் துணையோடு ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. முதல் திரளின் கரையோரம் ஒளித்திட்டு ஒன்று தெரிந்தது; பார்வைக்கு அது சுருள்கரத்தின் ஒரு முடிச்சுதான். சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கியில் பதிவான நிறமாலையோ, அத்திட்டின் வாயு வேறொரு வேகத்தில் நகர்வதைக் காட்டியது. அது தனித் திரள்; மற்ற இரண்டைப் போலவே அதன் நடுவிலும் வாயுவை விழுங்கியபடி விழிப்புடன் ஒரு கருந்துளை இருந்தது, ஆக மொத்தம் மூன்று கருந்துளைகள்.