தாமர்ல வேங்கடப்பரும் ஒரு மணல்திட்டும்

திருவொற்றியூரும் எண்ணூரை அடுத்த கத்திவாக்கமும் 1708இல் நவாப் தாவூத்கானின் கொடையாக ஆங்கிலக் கம்பெனியைச் சேர்ந்தன. அவ்வூர்களின் விதியோ, ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, தெற்கேயிருந்த ஒரு மணல்திட்டுக்காக எழுதப்பட்ட சாசனத்தில் தொடங்கிவிட்டது. அதை அளித்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். வெள்ளையருக்கு நிலத்தைத் தாரை வார்த்தவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறோம். அது நியாயம்தானா?

விஜயநகரப் பேரரசு தளர்ந்திருந்த காலம் அது. சந்திரகிரியில் மூன்றாம் வேங்கடர் பேரரசர். அவருக்கு அடங்கி வந்தவாசியில் வேங்கடப்பரும், பூவிருந்தவல்லியில் அவர் தம்பி அய்யப்பரும் ஆண்டனர். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை. தெற்கே சாந்தோமில் போர்த்துக்கீசியர். இடையிலிருந்த மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள 1639இல் பிரான்சிஸ் டேக்கு அனுமதி கிடைத்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் துறைமுக வருவாயில் பாதி நாயக்கருக்கு என்பது ஏற்பாடு.

நாயக்கர் வணிகப் பெருக்கத்தையும் பாரசீகக் குதிரைகளையும் விரும்பினார் என்கின்றன கம்பெனிக் கடிதங்கள். அவர் சகோதரர் அங்கபூபாலர் இயற்றிய 'உஷாபரிணயம்' என்னும் தெலுங்குக் காவியமோ வேறொன்று சொல்கிறது. பழவேற்காட்டாரும் மயிலாப்பூர்ப் போர்த்துக்கீசியரும் ஓயாது பொருதியதைத் தடுக்கவே, இடையில் அய்யப்பர் ஊர் அமைத்துத் தந்தை சென்னப்பரின் பெயரைச் சூட்டினாராம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஏமாந்த அரசர் ஒருவர் தென்படவில்லை; கணக்குப் போட்டவரே தென்படுகிறார்.

அதே 1639இல் ஜப்பான் போர்த்துக்கீசியக் கப்பல்களுக்குத் தடை விதித்தது. 1641இல் டச்சு வணிகம் ஹிராடோவிலிருந்து நாகசாகிக்கு மாற்றப்பட, ஹிராடோவின் மட்சுரா பிரபு தம் துறைமுக வணிகத்தை இழந்தார். அவருக்கு மேலே தொகுகாவா ஆட்சியின் இரும்புக்கரம் இருந்தது. வேங்கடப்பருக்கு மேலே இருந்ததோ ஆட்டங்கண்ட அரியணை. அயலாருக்குக் கோட்டையே தரும் துணிவு அந்தத் தளர்விலிருந்து பிறந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அதே தளர்வு அவரையும் விடவில்லை. 1642இல் பேரரசர் மறைந்தார். அடுத்து வந்த மூன்றாம் ஸ்ரீரங்கர், கோல்கொண்டாவுடன் உறவாடியதாக ஐயுற்று வேங்கடப்பரைச் சிறையிட்டார். 1645இல் கம்பெனிக்குத் தாமே புதிய சாசனம் தந்து, ஊரை ஸ்ரீரங்கராயப்பட்டினம் என்றார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. விரைவிலேயே கோல்கொண்டாப் படை இக்கரையைக் கைப்பற்றியது.

பேரரசும் போயிற்று, நாயக்கர் சீமையும் போயிற்று. 1996இல் மாநகரம் ஏற்றுக்கொண்ட பெயரில் அந்தத் தந்தை மட்டும் எஞ்சியிருக்கிறார்.