சிறுவன் செய்த குற்றமும் பெரியவர் பொறுப்பும்

பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஆரணி, ஒரு காலத்தில் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பரப்புக்குள் ஒரு ஜாகிராக இருந்தது. 1801-இல் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிய பின்னரும், குற்ற வழக்குகளில் இஸ்லாமியச் சட்டமே, கம்பெனி செய்த திருத்தங்களோடு, நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. நீதிமன்றத்தில் பணியாற்றிய ஆலிம்கள் ஃபத்வா வழங்கினர். ஆகவே ஒரு சிறுவனைக் கொண்டுவந்து நிறுத்தினால், ‘இவன் பருவமடைந்தவனா?’ என்பதே முதற்கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

பருவமடையும்வரை சிறுவனின் செயல்கள் அவன்மீது பாவமாக எழுதப்படுவதில்லை என்னும் கருத்துள்ள நபிமொழி இதற்கு அடிப்படை. உஹதுப் போரின்போது பதினான்கு வயதாயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அகழ்ப்போரின்போது பதினைந்து வயதில் கிடைத்தது. பருவத்தின் அடையாளம் தோன்றாதவருக்குப் பதினைந்தே எல்லை என்று இமாம் ஷாஃபிஈயும், ஹனஃபி மத்ஹபில் அபூயூசுஃப், முஹம்மது ஆகியோரும் இதைக் கொண்டே கூறினர். இமாம் அபூஹனீஃபாவோ ஆணுக்குப் பதினெட்டு, பெண்ணுக்குப் பதினேழு என்றார். ஆயினும் சிறுவன் பிறர் பொருளை அழித்துவிட்டால் ஈடு செய்யும் கடமை நீங்குவதில்லை. அவன் சொத்திலிருந்து அது கொடுக்கப்படும். தண்டனை வேறு, அடியார்களின் உரிமை வேறு.

1862 ஜனவரி 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தையின் செயல் குற்றமன்று. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், செய்ததன் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லாவிடில் குற்றமன்று. பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்வெல்லைகள் மாறவில்லை என்பதை நம்மில் பலர் அறியோம்.

சிறுவர்களைச் சிறையிலிருந்து விலக்கி வைக்கும் எண்ணம் மெல்லவே வளர்ந்தது. 1897-ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து வயதுக்குட்பட்ட ஆண் குற்றவாளிகளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப வழி செய்தது. இந்தியாவில் சிறுவர்களுக்கெனத் தனிச் சட்டம் முதலில் இயற்றியது நம் சென்னை மாகாணமே, ஆண்டு 1920. வங்காளமும் பம்பாயும் பின்னரே தொடர்ந்தன.

இங்கே ஆரணித் தறிகளை நினையாதிருக்க இயலவில்லை. கோர்வைக் கரை நெய்ய நெசவாளிக்கு அருகில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் ஒரு சிறுவனுடையதாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணம் அவனைத் தறியோடு கட்டியது. 1933-இல் வந்த சட்டம் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், அமர்த்துபவருக்கு 200 ரூபாய் வரையும் அபராதம் விதித்தது. தொகை சிறிதுதான். ஆனால் பிள்ளையின் பெயரால் பெரியவர் குற்றவாளியாகிறார் என்பதைச் சட்டம் அப்போதே ஏற்றுக்கொண்டது.

இன்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத அனைவருக்கும் பொருந்தும். பிடிபட்ட சிறுவனைக் காவல்நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன் தருவதே பொது விதி. பதினாறு வயது நிரம்பியவன் கொடுங்குற்றம் புரிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால் மட்டும், குழுமம் அவன் மனமுதிர்ச்சியை ஆராய்ந்து, வயது வந்தோருக்குரிய முறையில் விசாரணைக்கு அனுப்பலாம். அப்போதும் மரண தண்டனை இல்லை. ‘போலீஸ் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பட்டும், புத்தி வரும்’ என்று ஜமாஅத் பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பரிவுமன்று, சட்டமுமன்று. பிடிபட்ட பிள்ளையின் படத்தையும் பெயரையும் மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் பரப்புவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு நேரக்கூடிய வழக்கு திருட்டோ அடிதடியோ அன்று, இருசக்கர வாகனந்தான். பட்டுப் பாவை அடுத்த தெருவில் கொடுத்து வர, தம்பியை வாழைப்பந்தலுக்கு அழைத்துச் செல்ல, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சாவியைத் தருகிறோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பாதுகாவலரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர்: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பித்தால் தப்பலாம். சாவி வாசல் ஆணியில் தொங்கும் வீட்டில் அது எளிதன்று. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். பிள்ளைக்கோ இருபத்தைந்து வயது நிரம்பும்வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது.