கதவைத் தட்டும் பிரிஜித்

நாடுகளும் திருநாள்களும் – 14

அயர்லாந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள். பச்சை உடையும் ஊர்வலமுமாக உலகமே அறிந்த நாள் அது. ஆனால் அதற்கு ஆறு வாரம் முன்பே, பிப்ரவரி 1 அன்று, அயர்லாந்தின் பண்ணை வீடுகள் இன்னொரு திருநாளைக் கொண்டாடின. ஊர்வலமும் மேடையும் இல்லாத, அடுப்படியிலும் மாட்டுக்கொட்டிலிலும் நடந்த திருநாள். அது புனித பிரிஜித் திருநாள்.

பிரிஜித் கிறிஸ்தவத் துறவியா, அதற்கும் முந்தைய தெய்வமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். அதற்கு வருவதற்கு முன், அந்த வீட்டுப் பெண்கள் அவளிடம் என்ன கேட்டார்கள் என்று பார்ப்போம். திருநாளின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

பால் வற்றிய காலம்

பழைய ஐரிஷ் ஆண்டு நான்கு பருவங்களாகப் பிரிந்திருந்தது. நவம்பர் 1 சாவின், பிப்ரவரி 1 இம்பொல்க், மே 1 பெல்தானா, ஆகஸ்ட் 1 லூனசா. இவற்றில் இம்பொல்க் வசந்தத்தின் வாசல். செம்மறி ஆடுகளுக்கு மடி இறங்கிப் பால் சுரக்கத் தொடங்கும் காலத்தோடு அதைப் பழைய ஐரிஷ் நூல்களே சேர்த்துச் சொல்கின்றன.

அந்த வீடுகளின் ஜனவரியை எண்ணிப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் சேர்த்த உருளைக்கிழங்கும் வைக்கோலும் குறைந்துகொண்டே வரும். கறவை வற்றியிருக்கும், அல்லது சினையாக இருக்கும். நல்லபடியாகக் கன்று ஈன்றால்தான் பாலும் வெண்ணெயும். வெண்ணெய் விற்றால்தான் கையில் காசு. பிரிஜித் திருநாளை ஒட்டிக் குடியானவன் தீவனத்தையும், வீட்டுக்காரி உணவு இருப்பையும் கணக்குப் பார்ப்பது வழக்கம். மிச்சமிருப்பது புல் முளைக்கும்வரை தாங்குமா என்ற கேள்வி எல்லார் மனத்திலும் இருந்தது.

முன்னிரவுச் சடங்கு

முக்கியமான சடங்குகள் எல்லாம் ஜனவரி 31 இரவிலேயே நடந்துவிடும். பகலில் ஈர நிலத்துக்குப் போய்க் கோரை வகைப் புல்லைக் கொண்டுவருவார்கள். அரிவாளால் அறுக்காமல் கையால் பிடுங்க வேண்டும் என்பது விதி. கட்டிய கோரையை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஆயத்தமாவார்கள்.

சாப்பாட்டுக்கு முன் குடும்பத்தில் ஒருவர் வெளியே போவார். பல இடங்களில் வீட்டின் மூத்த பெண், சில இடங்களில் குடும்பத் தலைவர். கோரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டை வலம் வந்து கதவைத் தட்டுவார். உள்ளே இருப்பவர்கள் மண்டியிட்டு பிரிஜித்துக்கு வழி விட வேண்டும் என்று வெளியிலிருந்து குரல் வரும். வரட்டும், வரட்டும், அவள் வரவு நல்வரவு என்று உள்ளிருந்து பதில் போகும். பல ஊர்களில் இப்படி மூன்று முறை நடக்கும். அதன் பிறகே கதவு திறக்கும். கோரை உள்ளே வரும்போது பிரிஜித்தே வீட்டுக்குள் வந்துவிட்டதாகப் பொருள்.

அன்றைய விருந்து மசித்த உருளைக்கிழங்கு. அதன் நடுவே குழி பறித்து ஊற்றிய வெண்ணெய். பாலுக்குத் தட்டுப்பாடான மாதத்தில், முடிந்தவரை அன்றைக்குக் கடைந்த வெண்ணெயைத்தான் வைப்பார்கள். ஏழை வீடுகளுக்கும் அன்று வெண்ணெய் கொடுத்தனுப்புவது வசதியுள்ளவர்களின் கடமையாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அதே கோரையில் சிலுவை பின்னுவார்கள். நடுவில் சதுரமும் நான்கு பக்கமும் நீளும் கைகளுமாக உள்ள வடிவம் இன்று உலகெங்கும் தெரியும். வைரக்கல் வடிவத்தில் பின்னும் வகையும் உண்டு. வடக்கே அல்ஸ்டர் பகுதியில் மூன்று கைச் சிலுவையை மாட்டுக்கொட்டிலில் செருகுவார்கள். வீட்டுச் சிலுவை வாசல் நிலைக்கு மேலோ, கூரையின் உட்புறத்திலோ இருக்கும். அந்தக் காலத்து வீடுகளுக்கு வைக்கோல் வேய்ந்த கூரை; ஒரு பொறி பறந்தால் போதும். நெருப்பும் இடியும் அண்டாமல் சிலுவை காக்கும் என்பது நம்பிக்கை. பழையதை எடுக்காமல் ஆண்டுதோறும் புதியதைச் சேர்த்துக்கொண்டே போன வீடுகளும் இருந்தன.

இரவில் ஒரு துணித்துண்டையோ நாடாவையோ வெளியே புதர் மேலோ சன்னல் விளிம்பிலோ போட்டுவைப்பார்கள். பிரிஜித் அந்த இரவில் ஊர்களைக் கடந்து போகிறாள், போகும்போது துணியைத் தொடுகிறாள் என்பார்கள். காலையில் பத்திரமாக எடுத்துவைக்கும் அந்தத் துணிக்கு 'பிராட் பிரீஜ்', அதாவது பிரிஜித்தின் மேலாடை என்று பெயர். தலைவலிக்குத் தலையில் கட்டுவார்கள். பேறுகாலத்தில் துடிக்கும் பெண் மேல் போர்த்துவார்கள். கன்று ஈனத் திணறும் பசுவின் முதுகிலும் அதே துணி. தாய்க்கும் பசுவுக்கும் ஒரே காவல்!

மத்தில் செய்த பொம்மை

தெற்கிலும் மேற்கிலும் திருநாள் வீட்டைவிட்டு வெளியேயும் நடந்தது. வெண்ணெய் கடையும் மத்துக்கு வைக்கோல் சுற்றி, துணி உடுத்தி, முகம் வரைந்து ஒரு பொம்மை செய்வார்கள். அதன் பெயர் 'பிரீஜோக்', சின்ன பிரிஜித். இளைஞர்களும் சிறுமிகளும் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடிச் செல்வார்கள். முட்டை, ரொட்டி, வெண்ணெய், சில்லறை என்று கிடைத்ததை வாங்கிக்கொள்வார்கள். கெர்ரி மாவட்டத்தில் இவர்களை 'பிடி' கூட்டம் என்பார்கள். முகத்தை மறைக்கும் உயரமான வைக்கோல் தொப்பி அவர்களின் அடையாளம். கில்லோர்க்ளின் ஊர்ப் பக்கம் இந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

கால்வே கரையோரத்தில் சிப்பிகளைப் பிடித்துவந்து வீட்டின் நான்கு மூலைகளிலும் வைப்பார்கள். கடலும் அந்த ஆண்டு வஞ்சிக்காமல் கொடுக்க வேண்டுமே! பல ஊர்களில் பிப்ரவரி 1 அன்று சக்கரம் சுழலும் எந்த வேலையும் செய்ய மாட்டார்கள். இராட்டை நிற்கும், வண்டி நிற்கும். நூல் நூற்கும் பெண்ணுக்கு அது கிடைத்தற்கரிய ஓய்வு நாள்.

வரலாற்றில் பிரிஜித்

மரபுப்படி பிரிஜித் 5ஆம் நூற்றாண்டின் நடுவில் லவுத் மாவட்டத்து ஃபாகர்ட்டில் பிறந்தாள். தந்தை குறுநிலத் தலைவன், தாய் அவன் வீட்டு அடிமை. கில்டேரில் மடம் நிறுவி 525ஆம் ஆண்டையொட்டி மறைந்தாள் என்பார்கள். 7ஆம் நூற்றாண்டில் கில்டேரின் துறவி காகிடோசஸ் அவள் வரலாற்றை இலத்தீனில் எழுதினார். ஆண்களும் பெண்களும் ஒரே கோயிலில் நடுத்தடுப்பின் இருபுறம் நின்று வழிபட்டதை அவர் விவரிக்கிறார்.

அவர் சொல்லும் அற்புதங்களைக் கவனியுங்கள். ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்த வெண்ணெய் மறுபடி நிறைகிறது. விருந்தாளிகள் வந்ததும் ஒரே பசு ஒரு நாளில் மூன்று முறை கறக்கிறது. தண்ணீர் பீராகிறது. நனைந்த மேலாடையை அவள் சூரியக் கதிரில் தொங்கவிடுகிறாள். போரும் பொன்னும் இல்லாத, பால்பண்ணைப் பெண்ணின் உலகம் இது. மேலாடை விரிந்து விரிந்து சுமார் 5,000 ஏக்கர் குர்ரா சமவெளியை மூடி அதை மடத்துக்கு வாங்கித் தந்தது என்ற மக்கள் கதை பிறகு வளர்ந்தது. மரியாள் கோயிலுக்குப் போகும் வழியில் கூட்டத்தின் பார்வை அவள் மேல் விழாதபடி, எரியும் மெழுகுவர்த்திகளைத் தலையில் சூடி முன்னே நடந்தாளாம் பிரிஜித். அந்த நன்றிக்காகத்தான் மரியாளின் திருநாளான பிப்ரவரி 2க்கு முந்தைய நாள் அவளுக்குக் கிடைத்ததாகக் கிராமத்தார் சொன்னார்கள்.

தெய்வம் என்ற வாதத்துக்கும் சான்று உண்டு. 900ஆம் ஆண்டை ஒட்டிய 'கோர்மக் சொற்கோவை', டாக்டா என்ற கடவுளின் மகளான பிரிஜித்தைக் கவிஞர்கள் வணங்கினர் என்கிறது. அதே பெயருள்ள இரு சகோதரிகள் மருத்துவத்துக்கும் கொல்லுத் தொழிலுக்கும் உரியவர்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, கில்டேரில் அணையாத நெருப்பு ஒன்று இருப்பதாக எழுதினார். 19 கன்னியர் முறைவைத்து ஓர் இரவுக்கு ஒருவராகக் காப்பார்கள். 20ஆம் இரவு பிரிஜித்தே காப்பாள். நெருப்பைச் சுற்றிய வேலியை ஆண் எவனும் தாண்டக் கூடாது.

துறவியும் தெய்வமும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்பதே என் முடிவு. வீட்டுக்காரிக்குப் பாலும் நெருப்பும் நல்ல பேறும் வேண்டும். அவற்றைத் தந்தவளை எந்தப் பெயரில் வணங்குவது என்ற சண்டை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அணைந்ததும் அணையாததும்

16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றியின் காலத்தில் மடங்கள் கலைக்கப்பட்டன. கில்டேர் நெருப்பும் அப்போது அணைந்தது என்பது மரபு. மடம் போன பிறகும் வாசலில் கோரைக்கட்டு வந்து நின்றது. அதற்குக் குருவும் வேண்டாம், கோயிலும் வேண்டாம்.

1935இல் அமைந்த ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம், 1942இல் இந்தத் திருநாளைப் பற்றி மட்டும் ஒரு வினாப்பட்டியலை நாடெங்கும் அனுப்பியது. முதியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய விடைகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ளன. நாம் மேலே படித்த சடங்குகளில் பெரும்பகுதி அப்படிக் காப்பாற்றப்பட்டதே.

1961 டிசம்பர் 31 அன்று தொடங்கிய ஐரிஷ் தொலைக்காட்சி இந்தச் சிலுவையைத் தன் சின்னமாக்கியது. 1993இல் பிரிஜிடைன் கன்னியர் கில்டேரில் நெருப்பை மீண்டும் ஏற்றினார்கள். 2006இல் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் ஊர்ச் சதுக்கத்தில் நிலையான சுடரை ஏற்றிவைத்தார். 2023 பிப்ரவரி 6 அன்று, பெண் பெயரில் அமைந்த முதல் பொதுவிடுமுறையை அயர்லாந்து கொண்டாடியது.

அந்த விடுமுறையை அரசின் கொடை என்று சொன்னால் வரலாறு ஏற்காது. ஆட்சிகள் மடத்தை மூடின, நெருப்பை அணைத்தன. கோரை பிடுங்கி, வெண்ணெய் கடைந்து, கதவைத் திறந்து பிரிஜித்தை ஆண்டுதோறும் உள்ளே அழைத்த பெண்களே அந்த நாளைக் காத்தவர்கள். அரசு அதை ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

அடுத்த இதழில்: அடிமையாக அயர்லாந்துக்கு வந்து, ஆயராகத் திரும்பிய பேட்ரிக்.

(தொடரும்)