தொட்டுப் பார்க்கும் அறிவியல் மையங்கள்

அருங்காட்சியகம் என்றதும் ‘பொருட்களைத் தொடாதீர்கள்’ என்ற பலகை பலருக்கும் நினைவுக்கு வரும். சிலைகளுக்கும் செப்பேடுகளுக்கும் அந்த விதி தேவை. பல கைகள் பட்டால் அவை தேயும். அறிவியல் மையங்களோ இந்த விதியைத் தலைகீழாக்கின. அங்கே பார்வையாளர் தம் கையால் இயக்கிப் பார்க்கும்போதுதான் காட்சிப்பொருள் தன் பாடத்தைச் சொல்கிறது.

தொடக்கம்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1903-இல் பொறியாளர் ஆஸ்கர் ஃபான் மில்லர் நிறுவிய டாய்ச்சஸ் அருங்காட்சியகம் இவ்வகையில் முன்னோடி. பொத்தானை அழுத்தியும் கைப்பிடியைச் சுழற்றியும் இயக்கும் மாதிரிகள் அங்கு இடம்பெற்றன. 1969-இல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் தொடங்கினார். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்து, மாடு வளர்த்து, பின்னர் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர். அம்மையம் தன் காட்சிப்பொருள்களின் செய்முறையை நூலாகவும் வெளியிட்டது. இதனால் பிறரும் அவற்றைச் செய்ய முடிந்தது.

இந்தியாவில்

கொல்கத்தாவில் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-இல் திறக்கப்பட்டது. பெங்களூரு விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தின் கட்டடத்தை 1962-இல் நேரு திறந்துவைத்தார். அருங்காட்சியகத்துக்கு வர இயலாதவர்களைத் தேடி, 1965-இல் கொல்கத்தாவிலிருந்து காட்சிப்பொருள்கள் பேருந்தில் ஊர் ஊராகப் புறப்பட்டன. 1978-இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் உருவானபின் மாவட்டங்களிலும் மையங்கள் எழுந்தன. முதலாவது மேற்கு வங்கத்தின் புருலியாவில் 1982-இல் அமைந்தது. தமிழ்நாட்டில் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987-இல் மாவட்ட அறிவியல் மையம் திறக்கப்பட்டது. சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், 1988-இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கமும் ஒரே வளாகத்தில் உள்ளன.

கப்பி சொல்லும் பாடம்

அறிவியல் பூங்காக்களில் பரவலாகக் காணப்படுவது, நாற்காலியில் அமர்ந்தபடி கயிற்றை இழுத்துத் தம்மைத் தாமே தூக்கிக்கொள்ளும் அமைப்பு. கிணற்றுக் கப்பி, இழுக்கும் திசையை மட்டுமே மாற்றும். வாளியின் எடை குறையாது. ஆனால் நாற்காலியை நான்கு கயிற்றுப் பிரிவுகள் தாங்கினால், உராய்வு நீங்கலாக, எடையில் கால் பங்கு விசை போதும். அதற்கு ஈடாக, ஒரு மீட்டர் உயர நான்கு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும்.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் கனமான பாகங்களைத் தூக்கும் செயின் பிளாக்கும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. பெற்றோர் பணியிடத்தில் நாள்தோறும் கையாளும் இந்த விதியை, பிள்ளைகள் பெரும்பாலும் பாடநூலில் ஒரு சூத்திரமாக மட்டுமே சந்திக்கிறார்கள். கோட்டூர்புரத்துக்கு ஒருநாள் பள்ளிச் சுற்றுலா சென்றால், அந்தச் சூத்திரத்தைக் கையால் உணரலாம்.

பராமரிப்பு

தொட அனுமதித்தால் தேய்மானமும் வரும். கயிறு நையும், பொத்தான் பழுதாகும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழம்பொருள் இயங்காமலே தன் கதையைச் சொல்லும். இயங்காத கப்பி எதையும் சொல்லாது. ஆகவே இம்மையங்களுக்குத் திறப்பு விழாவைவிடப் பணிமனையும், பழுது நீக்கும் தொழில்நுட்பரும், ‘ஏன் இப்படி?’ என்று கேட்கும் மாணவருக்கு விளக்கம் தரும் வழிகாட்டியுமே முதன்மையான தேவைகள்.